வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம்: மென்பொருளை எவ்வளவு நம்பலாம் என்ற கணக்கு

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. யூபிஐ நாடு முழுக்கத் தடுமாறியது. அதற்கு இரண்டரை வாரம் முன்பு, மார்ச் 26 அன்றும் இதே கூத்துதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் டீ குடித்தவரானாலும் சரி, புதுச்சேரி குபேர் அங்காடியில் மீன் வாங்கியவரானாலும் சரி, பணம் போச்சா போகலையா என்று தெரியாமல் கடைக்காரர் முகத்தையும் திரையையும் மாறிமாறிப் பார்க்க வேண்டிய நிலை. சட்டைப்பையில் சில்லறை வைத்துக்கொள்ளும் பழக்கமே பலருக்கு விட்டுப்போயிருந்தது.

இப்படி ஏதாவது நிற்கும்போதெல்லாம் இரண்டு குழப்பங்கள் எழும். ஒன்று, "99.9 சதவீதம் நம்பகமானது" என்று விளம்பரங்களில் போடும் எண்ணுக்கு என்ன பொருள்? இரண்டாவது இன்னும் அடிப்படையானது. மென்பொருள் இரும்பு இல்லை, துருப்பிடிக்காது. ரப்பர் இல்லை, தேயாது. நேற்று சரியாகக் கணக்குப் போட்ட நிரல் இன்றும் அதே கணக்கைத்தானே போட வேண்டும்? இதில் நிகழ்தகவு எங்கிருந்து வந்து நுழைந்தது?

இரண்டாவதற்குப் பதில் கிடைத்தால் முதலாவது பாதி தெளிந்துவிடும். அதனால் பின்னாலிருந்தே தொடங்கலாம்.

தவறு, பிழை, பழுது

பேச்சில் எல்லாவற்றையும் "பக்" என்றே சொல்லிவிடுகிறோம். கணக்குப் போட வேண்டுமென்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

1. தவறு: நிரல் எழுதுபவர் செய்வது. மறதி, தப்பான அனுமானம், அவசரம்.
2. பிழை: அந்தத் தவறு நிரலுக்குள் விட்டுச்சென்ற தடம். யார் கண்ணிலும் படாமல் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கலாம்.
3. பழுது: நிரல் ஓடும்போது அந்தப் பிழையை மிதித்து, வெளியே தப்பான விளைவு வருவது. பயன்படுத்துபவர் பார்ப்பது இதை மட்டும்தான்.

புதுச்சேரி–கடலூர் பஸ்ஸில் கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷினை எடுத்துக்கொள்வோம். மெஷின் நிஜம், அதில் நான் காட்டப்போகும் பிழையும் எண்களும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. முழுக் கட்டணம் 15 ரூபாய் என்றால் அரை டிக்கெட் ஏழரை ரூபாய். அந்த அரை ரூபாயை மேலே ஏற்றுவதா, கீழே இறக்குவதா? நிரலில் ஓரிடத்தில் ஏற்றியும் இன்னோரிடத்தில் இறக்கியும் எழுதிவிட்டார்கள். முழு டிக்கெட் மட்டும் அடித்தால் ஒன்றும் ஆகாது. அரை டிக்கெட்டைத் தனியாக அடித்தாலும் ஆகாது. இரண்டு முழு, ஒரு அரை, கூடவே ஒரு லக்கேஜ் என்று ஒரே சீட்டில் அடித்தால்தான் இரண்டு இடத்துக் கணக்கும் முட்டிக்கொண்டு மெஷின் உறைந்து நிற்கும்.

பிழை, மெஷின் வாங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. பழுது, அரியாங்குப்பத்திலோ தவளக்குப்பத்திலோ ஒரு குடும்பம் மூட்டையோடு ஏறும்போது வருகிறது.

தற்செயல் இருப்பது பஸ் வாசலில்

மெஷினுக்குள் பகடை எதுவும் உருளவில்லை. அதே சீட்டை ஆயிரம் தடவை அடித்தால் ஆயிரம் தடவையும் உறையும். யார், எந்த ஸ்டாப்பில், எத்தனை பேராக, என்ன சுமையோடு ஏறுவார்கள் என்பதில்தான் தற்செயல் இருக்கிறது. கிருமாம்பாக்கத்தில் அடுத்து ஏறப்போகிறவர் யார் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாதச் சீட்டுக் கணக்கைக் கையில் கொடுத்தால், நூற்றுக்கு எத்தனை பேர் தனியாள், எத்தனை பேர் குழந்தையோடு என்று சொல்லிவிடலாம். அந்த விகிதம் போய்ப் பிழையின் மேல் விழும்போது பழுதுக்கு ஒரு நிகழ்தகவு பிறக்கிறது. கூடவே நம் அறியாமையும் சேரும்: பிழைகள் எத்தனை, எங்கே கிடக்கின்றன என்பது நமக்குத் தெரியாது. அதை அளக்கவும் நிகழ்தகவுதான் கருவி.

இரும்புச் சாமான் கதை வேறு. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புத் தோட்டத்தில் ஓடும் மோட்டார், வாங்கிய புதிதில் ஒருமுறை மக்கர் பண்ணும். பிறகு சில வருஷம் பேசாமல் ஓடும். கடைசியில் பேரிங் தேய்ந்து சத்தம் போட ஆரம்பிக்கும். பழுது வரும் வேகத்தைக் கோடாக வரைந்தால் குளியல் தொட்டியைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி இருக்கும். மென்பொருளுக்கு அந்தத் தொட்டியின் கடைசிச் சுவர், அதாவது தேய்மானம், கிடையாது. அதற்குப் பதிலாக ரம்பப் பல் இருக்கிறது: பிழைகளைத் திருத்தத் திருத்தப் பழுது குறையும், புதுப் பதிப்பு வந்ததும் குபீரென்று ஏறும், மறுபடி குறையும்.

இதிலிருந்து ஒரு விஷயம் வந்து சேர்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் அது இதுவாக இருக்கட்டும். நம்பகத்தன்மை என்ற எண், மென்பொருளையும் அதைப் பயன்படுத்தும் விதத்தையும் சேர்த்துச் சொல்லும் எண். செவ்வாய்க்கிழமை மதியம் அந்த டிக்கெட் மெஷினுக்கு ஒரு எண். மாசி மகத்தன்று, தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பும் காலையில் வேறு எண். திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் கல்யாண மூட்டைகளும் சேரும், எண் இன்னும் இறங்கும். இத்தனைக்கும் நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் மூசா, இதற்கு ஒரு முறையை வகுத்து 1993-இல் எழுதினார். மென்பொருளை எந்தெந்த வேலைக்கு, எந்த விகிதத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று முதலில் ஒரு பட்டியல் போடு. சோதனைகளையும் அதே விகிதத்தில் நடத்து. இதைப் பயன்பாட்டுச் சித்திரம் என்று சொல்லலாம். டெப்போவில் உட்கார்ந்து ஒரே முழு டிக்கெட்டை 5,000 தடவை அடித்துவிட்டு "5,000 சோதனையிலும் வெற்றி" என்று எழுதிக் கொடுத்தால், அந்த 5,000-க்கும் சேர்த்து ஒரு டிக்கெட் மதிப்புதான்.

ஒரே பேரில் உலவும் மூன்று எண்கள்

1. நம்பகத்தன்மை. குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட பயன்பாட்டில், பழுதே இல்லாமல் ஓடுவதற்கான நிகழ்தகவு. எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லாவிட்டால் இந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

2. பழுதுக்கு முந்தைய சராசரி நேரம். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். சராசரி 1,000 மணி நேரம் என்றால் 1,000 மணி வரை கவலையில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழுது வரும் வேகம் மாறாமல் இருக்கிறது என்று வைத்தால், 1,000 மணியையும் பழுதில்லாமல் தாண்டும் வாய்ப்பு 37 சதவீதம்தான். 100 மணியைத் தாண்டும் வாய்ப்பு சுமார் 90 சதவீதம், 10 மணி ஷிப்டைத் தாண்டும் வாய்ப்பு 99 சதவீதம்.

3. கிடைக்கும் தன்மை. மொத்த நேரத்தில் எவ்வளவு நேரம் சேவை கையில் இருந்தது என்ற பங்கு. விளம்பரத்தில் வரும் 99.9 பெரும்பாலும் இதுதான். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 8 மணி 45 நிமிடம், நின்றுபோகலாம் என்று பொருள். 99.99 என்றால் 53 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. 99.999 என்றால் ஐந்தேகால் நிமிடம்.

அந்த எட்டே முக்கால் மணி எப்படிச் செலவாகிறது என்பதை இந்த எண் சொல்லவே சொல்லாது. தீபாவளிக்கு முந்தைய நாள் காலை பத்து மணிக்கு நின்று இரவு ஏழு மணிக்குச் சற்று முன் மீண்டாலும் 99.9. வருஷம் முழுக்கச் சிதறி, அகாலத்தில் ஒவ்வொரு நிமிடமாக 525 தடவை நின்றாலும் 99.9. ஜவுளிக்கடைக்காரரிடம் கேட்டால் இரண்டும் ஒன்றா என்று சொல்வார்.

அளவும் முக்கியம். 2025 மார்ச் மாதத்தில் யூபிஐ வழியாக நடந்த பரிவர்த்தனைகள் 1,800 கோடிக்கு மேல். ஆயிரத்தில் ஒன்று தோற்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால்கூட, அந்த மாதம் 1 கோடியே 80 லட்சம் பேர் கடைவாசலில் நின்றிருப்பார்கள்.

மிச்சம் எத்தனை பிழை? மாதிரிகள் சொல்லும் பதில்

சோதனை நடக்கும்போது, ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். இடைவெளி நீண்டுகொண்டு போனால் மென்பொருள் தேறிவருகிறது. என்ன வேகத்தில் நீள்கிறது என்பதை ஒரு சூத்திரத்தில் பொருத்தினால், இன்னும் எவ்வளவு மிச்சம் என்று ஒரு மதிப்பீடு கிடைக்கும். 1970-களிலிருந்து இப்படிப் பல கணித மாதிரிகள் வந்துவிட்டன. நான்கைப் பார்த்தால் போதும். நான்குமே வகுத்தவர்கள் பேரால் வழங்குபவை.

1. ஜெலின்ஸ்கி–மொராண்டா, 1972. நிரலில் 10 பிழைகள், ஒவ்வொன்றும் சராசரியாக 100 மணிக்கு ஒருமுறை தலைகாட்டும் என்று வைப்போம். பத்தும் இருக்கையில் முதல் பழுது சராசரியாக 10 மணியில் வரும். அதைத் திருத்தினால் மிச்சம் ஒன்பது, அடுத்ததற்கு 11 மணி. ஐந்தைத் திருத்திய பிறகு 20 மணி. கடைசி ஒன்றுக்கு 100 மணி காத்திருக்க வேண்டும். கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் எல்லாப் பிழையும் ஒரே எடை, திருத்தினால் முழுதாகத் தீரும், திருத்தும்போது புதுப் பிழை நுழையாது என்ற மூன்று அனுமானங்கள் மேல் நிற்கிறது. மூன்றாவதை நிரல் எழுதும் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரித்துவிட்டுப் போவார்.

2. லிட்டில்வுட்–வெரால், 1973. திருத்தம் நல்லதும் செய்யலாம், சில சமயம் கெடுத்தும் வைக்கலாம் என்பதைக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டது. பழுது வேகத்தை ஒரு நிலையான எண்ணாக எடுக்காமல், நமக்குத் தெரியாத, தகவல் வர வரத் திருத்திக்கொள்ளும் ஒன்றாக எடுத்தது. பேயிசியன் வழி என்பது இதைத்தான்.

3. கோயல்–ஒகுமோட்டோ, 1979. பழுதுகளின் எண்ணிக்கையைப் பாய்சான் பரவல்படி (தற்செயலாக நிகழ்பவை ஒரு கால அளவில் எத்தனை வரும் என்று சொல்லும் சூத்திரம்) எடுத்துக்கொண்டு, அதன் வேகம் அடுக்கேற்ற முறையில் குறைகிறது என்றது. மொத்தம் 100 பிழை, வாரத்துக்கு மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் வெளிப்படுகிறது என்று வைத்தால், 10 வாரத்தில் 63 பிடிபடும். 20 வாரத்தில் 86, 30 வாரத்தில் 95. ஏழு வாரத்துக்கு ஒருமுறை மிச்சம் பாதியாகிறது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். முதல் பத்து வாரம் உழைத்ததற்கு 63 கிடைத்தது. மூன்றாவது பத்து வாரம் அதே ஆட்கள், அதே உழைப்பு, கிடைப்பது 9. "இன்னும் ஒரு மாதம் டெஸ்ட் பண்ணலாமா, வெளியிட்டுவிடலாமா" என்று அலுவலகங்களில் நடக்கும் சண்டைக்கு அடியில் இருப்பது இந்த வளைவுதான்.

4. மூசா–ஒகுமோட்டோ, 1984. இதில் மொத்தம் இத்தனை பிழை என்ற உச்சவரம்பே கிடையாது. வேகம் குறைந்துகொண்டே போகும், ஆனால் முடியாது. பழுதுகளின் மொத்த எண்ணிக்கை மடக்கைக் (லாகரிதம்) கோடு மாதிரி ஏறிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவதும் நான்காவதும் ஆரம்ப வாரங்களில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். கையில் உள்ள புள்ளிகளில் இரண்டு கோடுகளையும் நன்றாகவே பொருத்திவிடலாம். பிரிவது பின்னால்: ஒன்று "இன்னும் ஐந்துதான் பாக்கி" என்கிறது, மற்றது "வந்துகொண்டேதான் இருக்கும்" என்கிறது. எந்த மாதிரியும் எல்லா இடத்திலும் ஜெயித்ததில்லை. அதனால் விஷயம் தெரிந்தவர்கள் ஒரே மாதிரியைக் கட்டிக்கொண்டு அழுவதில்லை. இதே திட்டத்தின் கடந்த வாரத் தகவலை வைத்து இந்த வாரத்தை எந்த மாதிரி சரியாகச் சொன்னது என்று பார்த்து, அதற்கு ஏற்ற அளவுக்குத்தான் நம்புவார்கள்.

எல்லாப் பிழையும் ஒரே எடை என்ற அனுமானத்தை உடைத்தது ஒரு பழைய ஆய்வு. ஐபிஎம்மில் எட்வர்ட் ஆடம்ஸ், அந்த நிறுவனத்தின் மென்பொருள்களில் வாடிக்கையாளர்கள் சந்தித்த பழுதுகளை ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டார். பிழைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஒரு கணினியில் சராசரியாக 5,000 வருஷம் ஓடினால் ஒருமுறை தலைகாட்டும் வகை. மிகச் சில பிழைகளே பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம். ஆகவே "நூறு பிழையைத் திருத்திவிட்டோம்" என்ற செய்தி, பயனாளருக்கு ஏதாவது வித்தியாசம் தெரியுமா என்பதைச் சொல்லாது. திருத்திய நூறும் 5,000 வருஷப் பிழைகளாக இருந்தால் ஒன்றுமே தெரியாது.

ஆனால் 5,000 வருஷம் என்று கேட்டு நிம்மதி அடையவும் முடியாது. அது ஒரு கணினிக்கான கணக்கு. அதே வகைப் பிழை ஒரு கோடி செல்போன்களில் இருந்தால், வருஷத்துக்கு 2,000 பழுது, நாளுக்கு ஐந்தாறு பேர்.

ஏரி மீனும் மிச்சப் பிழையும்

இடைவெளி நேரமே குறிக்காமல் மிச்சப் பிழையை மதிப்பிட இன்னொரு வழி உண்டு. அது கணினித் துறையிலிருந்து வந்தது இல்லை, மீன் எண்ணுபவர்களிடமிருந்து வந்தது.

கடலூர் பக்கத்துப் பெருமாள் ஏரியில் எத்தனை மீன் இருக்கும்? வடித்துவிட்டு எண்ண முடியாது. 200 மீனைப் பிடித்து, துடுப்பில் அடையாளம் போட்டு விட்டுவிடு. சில நாள் கழித்து 150 பிடி. அதில் 30 மீனில் அடையாளம் இருந்தால், ஐந்தில் ஒன்று அடையாளம் போட்டது. அப்படியானால் மொத்தம் சுமார் 1,000.

மென்பொருளில் வலைக்குப் பதில் இரண்டு பரிசோதகர்கள். ஒரே நிரலை இருவரும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஒருவர் 24 பிழை கண்டார், மற்றவர் 20. இருவர் பட்டியலிலும் பொதுவாக இருப்பவை 12. 24-ஐ 20-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 40. இருவரும் சேர்ந்து பிடித்தவை 32, எனவே எட்டுப் பிழை இன்னும் உள்ளே நீந்துகிறது. ஐபிஎம்மில் இருந்த ஹார்லன் மில்ஸ் இதே யோசனையை 1970-களின் தொடக்கத்தில் வேறு விதமாகச் சொன்னார்: வேண்டுமென்றே சில பிழைகளை விதைத்துவிட்டு, அவற்றில் எத்தனை திரும்பப் பிடிபடுகின்றன என்று பார்.

வலை வீசியவர்களுக்கு இதிலுள்ள ஓட்டை உடனே தெரியும். இரண்டு நாளும் ஒரே அளவு கண் உள்ள வலை வீசினால், அந்தக் கண்ணில் நழுவும் பொடி மீன்கள் கணக்குக்கே வராது. பரிசோதகர் இருவரும் ஒரே கல்லூரி, ஒரே பயிற்சி என்றால் இருவர் கண்ணுக்கும் தெரிவது ஒரே வகைப் பிழைகள். பொதுவானவை கூடும், மதிப்பீடு குறையும், "எட்டுதான் மிச்சம்" என்பது தப்பான தைரியமாகிவிடும்.

ஒரு பழுதும் வரவில்லை என்றால்?

ஒரு மாதம் சோதித்தோம், ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து என்ன சொல்லலாம்? புள்ளியியலில் இதற்கு மூன்றின் விதி என்று ஒரு சுருக்கு வழி இருக்கிறது. பழுதே இல்லாமல் 3,000 டிக்கெட் அடித்திருந்தால், ஒரு டிக்கெட்டுக்குப் பழுது வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் இல்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். மூன்றைச் சோதனை எண்ணிக்கையால் வகுத்தால் போதும். லட்சத்தில் ஒன்று வேண்டுமா, பழுதில்லாமல் மூன்று லட்சம் டிக்கெட் அடித்துக் காட்டு. டிக்கெட்டுகள் நிஜப் பயணிகளின் விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

நடுவில் ஒரு பழுது வந்து, திருத்திவிட்டால்? கறாராகப் பார்த்தால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் திருத்திய பிறகு இருப்பது வேறு நிரல். நடைமுறையில் அவ்வளவு கறாராக யாரும் இருப்பதில்லை. ஆனால் பழைய எண்ணிக்கை முழுவதையும் தூக்கிப் புது நிரலின் கணக்கில் சேர்ப்பது ஏமாற்று வேலை.

இதே விதியை விமானத்துக்குப் போட்டுப் பாருங்கள். பயணிகள் விமானத்தில் பேரழிவு விளைவிக்கும் கோளாறுக்கு, மணிக்கு நூறு கோடியில் ஒன்று என்ற அளவில் வரம்பு வைக்கிறார்கள். சோதனை மூலமே இதை நிரூபிப்பதென்றால் 300 கோடி மணி நேரம் பழுதில்லாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரு கணினிக்கு 3,42,000 வருஷம். ஆயிரம் கணினிகளை வரிசையாக வைத்து ஓட்டினாலும் 342 வருஷம். 1993-இல் லிட்டில்வுட், ஸ்ட்ரிஜினி இருவரும் ஒரு கட்டுரையிலும், நாசாவைச் சேர்ந்த பட்லர், ஃபினெல்லி இருவரும் வேறொரு கட்டுரையிலும் இதை எடுத்துக் காட்டினார்கள். ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று வரை புள்ளியியல் கைகொடுக்கும். நூறு கோடியில் ஒன்று என்று யாராவது சோதனைத் தகவலை மட்டும் காட்டிச் சொன்னால், அது அளந்த எண் இல்லை. விமானத் துறையும் அந்த எண்ணை மென்பொருளுக்கு அளக்க முயல்வதில்லை. வடிவமைப்பு, மீள்பார்வை, சோதனை என ஒவ்வொரு கட்டத்திலும் கடும் ஒழுங்கை விதித்து அதைச் சுற்றிப் போகிறது.

இரண்டு வைத்துக்கொண்டால் போதாதா?

ஆயிரத்தில் ஒருமுறை தோற்கும் மெஷின் இரண்டு இருந்தால், இரண்டும் சேர்ந்து தோற்க ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கி, பத்து லட்சத்தில் ஒன்று. காகிதத்தில் அருமை. இரண்டின் தோல்விக்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லை என்றால் மட்டுமே இந்தப் பெருக்கல் செல்லும்.

சம்பந்தம் இருந்தால் என்ன ஆகும் என்பது கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, ஒரு மின்கம்பம் சாய்ந்தால் அடுத்த தெரு லைனிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கெல்லாம் செல்லவில்லை. எல்லாக் கம்பமும் ஒரே காற்றில்தான் நின்றன.

மென்பொருளில் இதைச் சோதித்தவர்கள் ஜான் நைட்டும் நான்சி லெவ்சனும். 1986-இல் வெளியான அவர்கள் சோதனையில், இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் ஒரே தேவைக்கு 27 நிரல்களைத் தனித்தனியாக எழுதினார்கள். ஒவ்வொன்றையும் பத்து லட்சம் தடவை ஓட்டிப் பார்த்தார்கள். ஆறு நிரல்கள் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. தோற்றவையோ, சம்பந்தமில்லாமல் தோற்றிருந்தால் வரவேண்டிய அளவைவிட மிக அதிகமான தடவை ஒரே கேள்வியில் சேர்ந்து தோற்றன. கேள்வியின் கடினமான மூலையில் எல்லாரும் ஒரே மாதிரி சறுக்கியிருந்தார்கள்.

அப்படியே நகலெடுத்து வைத்தால் இன்னும் மோசம். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய முதல் ஏரியான் 5 ராக்கெட், எஞ்சின் பற்றவைத்த சுமார் 37 நொடியில் கட்டுப்பாட்டை இழந்து சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாகச் சுருக்கும்போது அது 32,767 என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. காப்புக்கு வைத்திருந்த கணினியிலும் அதே நிரல், அதனால் அதுவும் அதே காரணத்தால் நின்றது. இந்த நிரல் ஏரியான் 4 ராக்கெட்டில் ஒழுங்காக வேலை செய்துவந்தது. புது ராக்கெட் கிடைவாட்டில் வேகமாக நகரும், அவ்வளவுதான் வித்தியாசம். மாசி மகத்தன்று டிக்கெட் மெஷினுக்கு நேர்வதுதான் இதற்கும் நேர்ந்தது.

ஏப்ரல் 12-க்குத் திரும்பினால்

மேலே பார்த்த மாதிரிகள் பெரும்பாலும், ஒரு பழுது அடுத்த பழுதை இழுத்துவராது என்று வைத்துக்கொள்பவை. ஏப்ரல் 12 அன்று நடந்தது நேர்மாறு. யூபிஐயை நடத்தும் தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் (என்பிசிஐ) ஆய்வின்படி, சில வங்கிகள் "இந்தப் பரிவர்த்தனை என்ன ஆச்சு" என்று நிலையைக் கேட்கும் கோரிக்கைகளை, பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்து, திரும்பத் திரும்ப அனுப்பியதில் அமைப்பு திணறியது. இந்த வகைத் திணறலின் தன்மையே அதுதான்: தாமதமானால் கேள்வி கூடும், கேள்வி கூடினால் தாமதம் கூடும். கடைவாசலில் நிற்பவர்களும் சும்மா இருப்பார்களா, மறுபடி அமுக்குவார்கள். பயன்பாட்டுச் சித்திரமே பழுதால் மாறிப்போகிறது. ஆண்டு முழுவதற்குமான சராசரி எண்ணில் இந்த மாதிரி நாளுக்கு இடம் இல்லை.

2024 ஜூலை 19 இன்னொரு வகை. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நிரல் 20 விவரங்களைத்தான் தந்தது, புதுப்பிப்புக் கோப்போ 21-ஆவதையும் பார்க்கச் சொன்னது. அந்த வருஷம் மார்ச், ஏப்ரலில் போன இதே வகைப் புதுப்பிப்புகளில், 21-ஆவது இடத்தில் எது இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டிருந்ததால் யாரும் அதை எட்டிப் பார்க்கவில்லை. பல மாத வெற்றிக் கணக்கில் அந்த ஒரு மூலைக்கான சோதனை எண்ணிக்கை பூஜ்யம்.

அதன்பிறகு அந்த நிறுவனம் புதுப்பிப்பைப் படிப்படியாக வெளியிடும் வழிக்கு வந்தது. இந்த வழி எவ்வளவு தாங்கும் என்பதையும் மூன்றின் விதியே சொல்லும்.

1. எல்லாக் கணினியையும் நிறுத்தும் பிழை என்றால், முதலில் பத்துக் கணினிக்கு அனுப்பினாலே தெரிந்துவிடும். ஜூலை 19 பிழை கிட்டத்தட்ட இந்த ரகம்.
2. ஆயிரத்தில் ஒன்றை நிறுத்தும் பிழை என்றால், முதல் தவணையில் 3,000 கணினி வேண்டும். அப்போதும் நூற்றில் ஐந்து தடவை நழுவிப் போகும்.
3. வருஷத்தில் ஒரு நாள் கூட்டத்தில் மட்டும் வரும் பிழை என்றால், தவணை எத்தனை பெரிதானாலும் பிடிபடாது. அந்த நாள் தவணைக் காலத்துக்குள் வந்தாலொழிய.

மூன்றாவதற்கு மேலே பார்த்த எந்த மாதிரியும் வழி சொல்லவில்லை. டிக்கெட் மெஷின் விஷயத்தில், முள்ளோடை எல்லை தாண்டி ரெட்டிச்சாவடியில் மெஷின் உறைந்துவிட்டால், பையின் அடியில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கும் அச்சடித்த டிக்கெட் கட்டுதான் அன்றைக்குக் கைகொடுக்கும்.